கடலைப் பார்க்காத மாமாவும் விமானம் சுடும் கப்பலும்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டிருந்தபோது, நான் தளபதியாகிவிட்ட செய்தி வேப்பமரத்திலிருந்து வந்தது.

மரத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கோ காதுகுத்து. பிள்ளையின் அழுகையை அமுக்கிக்கொண்டு ஒரு குரல் கேட்டது.

"ருஷ்ய நாட்டிலிருந்து ஏவுகணைக் கப்பலைத் தன்னந்தனியாக ஓட்டி வந்த தளபதி, எனது அருமை மைத்துனர் சேகர், விடுமுறையில் இன்று நம் மண்ணுக்கு வருகை தருகிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பூக்கடையின் மறைவில் ஒதுங்கினேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்துவிட்டு, "நீதான் அந்தச் சேகரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் அப்போது தளபதிக்கு வெகுதூரம் கீழே இருந்தேன். கப்பலில் எனக்கு மேலே இருந்தவர்களை எண்ணுவது கடினம். கீழே இருந்ததை எண்ணுவது சுலபம். சமையற்கட்டில் ஒரு பூனை இருந்தது.

மைக் செட் மாமா

ஸ்பீக்கரில் பேசியவர் கன்னியப்பன். என் அக்கா ராஜேஸ்வரியின் கணவர். தேரடிப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேரும் உண்டு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மாமாதான் மைக் செட். அவருக்கு மேடை கிடையாது, ஆனால் மைக் இருந்தது. அந்த ஒரு வசதி ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு அவர் உதாரணம்.

கெட்ட மனிதர் இல்லை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைப் பயிர் போட்டு மழையை நம்பிக் கெட்ட எங்கள் குடும்பத்தில், ஒருவன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டான் என்பதில் என் அப்பாவைவிட அவருக்குத்தான் பெருமை ஜாஸ்தி. அப்பாவுக்கு அந்தக் கப்பலைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "அவ்ளோ தண்ணி கீதுன்றியே, ஒரு துளி பயிருக்கு ஆவாதா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். அதற்குமேல் கடலைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

அக்காவின் சந்தேகம் வேறு. எங்கள் கப்பல் டிஸ்ட்ராயர் வகை. அதைப் பத்திரிகைகள் அப்போது 'நாசகாரிக் கப்பல்' என்று எழுதின. அதைப் படித்துவிட்டு, "நாசகாரியிலயா வேலை செய்யற? பொண்ணு கேட்டுப் போனா இத நான் எப்படிடா வாயால சொல்றது?" என்றாள்.

கப்பல் என்ன செய்யும்

கருங்கடல் கரையில் ஒரு ஊரில் எங்களைப் பல மாதங்கள் படிக்க வைத்து, கப்பலோடு திருப்பி அனுப்பினார்கள். எதிரி விமானங்கள் வந்தால் தன்னையும், தன்னோடு வரும் கப்பல்களையும் காப்பாற்றுவதுதான் அதன் தலையாய வேலை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஏவுகணைத் தாங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள். கைகளை நேராக மேலே தூக்கி நிற்கும். தளத்துக்கு அடியிலிருந்து ஏவுகணை எழுந்து வந்து அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு கைகள் சாய்ந்து வானத்தில் குறியைத் தேடும். தப்பி நெருங்கி வரும் விமானத்துக்குச் சடசடவென்று பொழியும் சிறு பீரங்கிகள். எஞ்சின்கூட விமானத்தில் இருப்பதைப் போன்ற டர்பைன்தான். கிளப்பினால் ஊளையிடும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்தது கம்மி. என் வேலை தளத்துக்குக் கீழே, ஜன்னலில்லாத இருட்டறையில், ராடார் திரைக்கு முன்னால். பச்சைக் கோடு ஒன்று சுற்றிக்கொண்டேயிருக்கும். எங்காவது ஒரு புள்ளி தென்பட்டால், அது எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். பொத்தான்களின் மேல் எல்லாம் ருஷ்ய எழுத்து. அறையில் குளிர்சாதனம் உண்டு. அது கருவிகளுக்காக. நாங்களும் அங்கே இருந்தது தற்செயல்.

முதல் சுடு பயிற்சி நடந்த அன்று ஊரில் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. மேல்வீட்டில் யாரோ பீரோவைத் தள்ளிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்துத் திரையிலிருந்த புள்ளி காணாமல் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நான் செய்த யுத்தம் அவ்வளவுதான்.

இந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்ல மாட்டேன். அந்தக் கப்பலே இன்று இல்லை, விவரமெல்லாம் நூலகப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. இருந்தாலும் சொல்ல வாய் வராது. ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

டேவிட்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் டேவிட் என்று ஒரு இங்கிலாந்துக்காரர் தங்கியிருந்தார். நெட்டையாக, தாடியோடு, கதர் ஜிப்பா போட்டிருப்பார். மௌனத்தைத் தேடி இந்தியாவுக்கு வந்தவர். அவருடைய டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்ன ஆரம்பிக்கவே, யாரோ மாமாவின் கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்கள். மௌனத்தைத் தேடி வந்தவரை அனுப்பக் கூடாத இடம் ஊரில் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கடைதான்.

மாமாவுக்கு இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்தது. ரிப்பேர் முடிந்த பிறகும் டேவிட்டை விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து என் கப்பலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மெட்ராஸ் துறைமுகத்தில் நின்றபடியே பெங்களூருக்கு மேல் பறக்கும் விமானத்தைச் சுட்டுவிடும் என்றார். குறி தவறினால் ஏவுகணை திரும்பி வந்து தன் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் என்றார். எதிரிகள் ஜாஸ்தியாக வந்தால் கப்பல் தண்ணீருக்குள் முங்கிவிடும் என்றார். டேவிட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த விடுமுறையில் நானும் அவரை ஒருமுறை பார்த்தேன். மாமா எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். டேவிட் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அத்தனை சத்தத்துக்கு நடுவே எப்படித் தூங்குவீர்கள் என்று. பழகிவிடும் என்றேன். அவர் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம், பழகிவிடும் என்றார்.

ஊரறிந்த ரகசியப் போலீஸ்

கடைக்கு எதிரே டீக்கடையில், விரித்த பேப்பருக்குப் பின்னால் எத்திராஜ் இருந்தார். எத்திராஜ் ரகசியப் போலீஸ். ஊரில் எல்லாருக்கும் தெரியும். டீக்கடைக்காரர் "சிஐடி சாருக்கு ஒரு ஸ்ட்ராங்" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைக் கவனிப்பது அவர் வேலை. அவர்கள் மலையைச் சுற்றுவார்கள், கண்ணை மூடி உட்காருவார்கள், இளநீர் குடிப்பார்கள். வருஷக்கணக்கில் இதையே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு முதல்முறையாக ஒரு விஷயம் கிடைத்தது. ஒரு வெள்ளைக்காரன், ஒரு ஏவுகணைக் கப்பல் சிப்பாய், ஒரே பெஞ்ச்.

மாமாவின் குரலைக் கேட்க எத்திராஜ் ரோட்டைத் தாண்ட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

பொய் என்றால் உண்மை என்ன

விடுமுறை முடிந்து கப்பலுக்குத் திரும்பினேன். சில வாரம் கழித்து, கரையில் ஒரு அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. வடக்கத்திக்காரர், மீசையை அளந்து வெட்டியிருந்தார். இங்கிலீஷில் நடந்த அந்த விசாரணை இன்றும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது.

"ஏவுகணை குறி தவறினால் திரும்பி வந்துவிடும் என்று நீ வெளிநாட்டவரிடம் சொன்னாயா?"

"இல்லை சார்."

"அப்படியானால் அது திரும்பி வராதா?"

"வராது சார்."

"வராது என்பது ரகசியமா, இல்லையா?"

யோசித்தேன். "ரகசியம்தான் சார்."

"பிறகு ஏன் என்னிடம் சொல்கிறாய்?"

அவர் அடுத்ததற்குப் போனார்.

"மெட்ராஸிலிருந்து பெங்களூர் வரை சுடும் என்று சொன்னாயா?"

"அது பொய் சார்."

"பொய் என்றால் உண்மையான தூரம் என்ன?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை சார்."

அவர் குனிந்து எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்."

இன்று சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. நாட்டு ரகசியத்தை விற்றவன் என்று முடிவானால் வேலையோடு போகாது, ஜெயில். ஊரில் அப்பா எந்த முகத்தோடு வயலுக்குப் போவார்? மாமாவின் பெயரைச் சொன்னேன். சொன்னதெல்லாம் அவர்தான், அவருக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன்.

"ஒன்றும் தெரியாதவர் இவ்வளவு விவரமாக எப்படிச் சொல்வார்?" என்றார் அதிகாரி.

மைக் செட் வாடகைக்கு விடுபவரை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

கறுப்பு பூட்ஸ்

அடுத்து நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், சாதாரண உடையில் ஒருவர் கடைக்கு வந்தாராம். தங்கை கல்யாணத்துக்கு மைக் செட் வேண்டும் என்றாராம். "வேட்டி கட்டிகினு வந்தாரு. காலுல பாத்தா பளபளன்னு கறுப்பு பூட்ஸ்" என்றாள் அக்கா. கல்யாணத் தேதியைக் கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. கப்பலைப் பற்றி மட்டும் விசாரித்தார்.

மாமா அவரைப் பத்திரிகை நிருபர் என்று நினைத்துவிட்டார். பேச்சு படத்தோடு அச்சில் வரப்போகிறது என்ற நினைப்பில், கப்பலுக்கு இன்னும் சில சக்திகளைக் கூட்டினார். அது எதிரி விமானத்தின் எஞ்சினை வானத்திலேயே நிறுத்திவிடும் என்றும் சொன்னாராம். அந்த நேரம் எதிர் டீக்கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்த எத்திராஜ், வந்தவரைப் பார்த்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். மாமாவின் கையிலிருந்த மைக் கீழே விழுந்தது.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். நிலைமை அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"சார், இவரு சொல்றது எதையும் நம்பாதீங்க. எல்லாம் வாய். இவரு கடலையே பாத்ததில்ல" என்றாள்.

சத்தியமான வார்த்தை. மாமா கிழக்கே பாண்டிச்சேரி வரைக்கும்கூடப் போனதில்லை. ஆனால் வந்த அதிகாரி தெலுங்கர். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் மெட்ராஸ் பீச்சில், பொட்டலம் விற்பவர்களிடம் கற்றுக்கொண்டது. விசாரணை அறிக்கையில் அவர் எழுதியது இது: 'சந்தேக நபர் வேர்க்கடலையைப் பார்த்ததே இல்லை என்று அவர் மனைவி சொல்கிறார். இம்மாவட்டம் முழுவதும் வேர்க்கடலை பயிராவதை நேரில் கண்டேன். எனவே மனைவியின் வாக்குமூலமும் நம்பத்தகுந்தது அல்ல.'

இதை எனக்கு வாசித்துக் காட்டியவர் அளந்து வெட்டிய மீசைக்காரர். இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மல்லாட்டை, கடலை என்று அக்கா சொன்னால் கடலைத்தான் சொல்லியிருப்பாள் என்று விளக்கினேன். நான் பேசப் பேச அவர் முகத்தில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபால் ஒருவன் ஜெயிலுக்குப் போகக்கூடும் என்று என் தமிழ் வாத்தியார் எச்சரித்ததே இல்லை.

எலுமிச்சைச் சாறு

ஜெயிலுக்கு அனுப்பவில்லை. குற்றம் நிரூபணமாகவில்லை. குற்றமில்லை என்றும் எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதன் பெயர் அதிகாரிகளின் சாப்பாட்டு அறை. ராடார் அறைக்குள் நுழையக் கூடாது என்று சொல்லி என்னை அங்கே போட்டார்கள். தட்டு கழுவினேன், எலுமிச்சை பிழிந்தேன். ருஷ்யாவில் படித்த படிப்பு கத்தி பிடிக்க உதவியது.

டேவிட் விஷயத்தில் அந்த அளவுகூட யோசிக்கவில்லை. விசாவை நீட்டிக்க முடியாது, உடனே கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. போகிற அன்று கடைக்கு வந்து மாமாவைக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். அக்கா சொன்னாள். "அந்த மனுசன் எதுக்குப் போறார்னு அவருக்கே தெரியல. இவருக்குத் தெரியும். ரெண்டு நாள் சோறு இறங்கல." அதன்பிறகு காதுகுத்து வீடுகளில் மைக்கை எடுத்துக் கொடுப்பதோடு மாமா நிறுத்திக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் கப்பலைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நான் ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பி அக்காவையும் மாமாவையும் வரச் சொன்னேன். தளத்தின் ஓரத்தில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுப்பது எனக்கு இட்ட பணி.

மாமா சாம்பல் நிறக் கப்பலைப் பார்த்தார். ஏவுகணைத் தாங்கியைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் கடலைப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல ஒரு இளம் அதிகாரி, கையில் ஒலிபெருக்கியோடு வந்தார். இது விமானங்களைச் சுடும் ஏவுகணை என்றார். இத்தனை தூரம் போகும் என்றார். இத்தனை உயரம் வரை அடிக்கும் என்றார். கப்பலின் வேகம் இவ்வளவு என்றார். எல்லாம் அச்சடித்திருந்த தாளையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் விமானம் செய்து கடலில் விட்டன.

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எந்தத் தூரத்தைச் சொல்ல மறுத்ததற்காக நான் தட்டு கழுவுகிறேனோ, அந்தத் தூரம் ஒலிபெருக்கியில் இரண்டு மொழிகளில் போய்க்கொண்டிருந்தது.

"கேள்விகள் உண்டா?" என்றார் அதிகாரி.

மாமா கையைத் தூக்கினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை இறக்கவில்லை. தமிழில், மைக் இல்லாமல், சாதாரணக் குரலில் பேசினார்.

"டேவிட்டுனு ஒருத்தர் எங்க ஊருல இருந்தாரு சார். இது எவ்ளோ தூரம் சுடும்னு அவரு கேக்கவே இல்ல. நான்தான் சொன்னேன், அதுவும் பொய். அதுக்கு அவர நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க. நீங்க இப்ப நெஜத்தையே எல்லாருக்கும் சொல்றீங்க. உங்கள எந்த ஊருக்கு அனுப்புவாங்க?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சுற்றிலும் பார்த்து, சீருடையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். "இவர் என்ன கேட்கிறார்?"

குடிதண்ணீர் எங்கே என்று கேட்கிறார் எனச் சொல்லியிருக்கலாம். அதுதான் புத்திசாலித்தனம். என் விவகாரம் இன்னும் முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்தேன்.

"அவர் கேட்டத அப்படியே சொல்லுடா" என்றாள்.

சொன்னேன். பெயரோடு, விசாவோடு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன்.

அதிகாரி முகம் மலர்ந்தது. "மிக நல்ல கேள்வி" என்றார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அடுத்த கேள்வி?"

மறுபடியும் பச்சைக் கோடு

புது வருஷம் பிறந்து சில வாரத்தில் என்னைத் திரும்பவும் ராடார் அறைக்கு அனுப்பினார்கள். நான் நிரபராதி என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. சுடு பயிற்சி நெருங்கிக்கொண்டிருந்தது. என் மீதிருந்த சந்தேகத்தைவிட அவன் மீதிருந்த கொப்புளங்கள் ஆபத்தானவை என்று மேலிடம் முடிவு செய்தது. ஓய்வு பெறும்வரை நான் அந்த வேலையில்தான் இருந்தேன். என் பெயரில் இருந்த விசாரணையை மூடினார்களா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

டேவிட் திரும்பி வரவில்லை. அவரை விசாரித்து மாமா இரண்டு முறை எழுதிப் போட்டார். பதில் இல்லை.

மாமா மெல்ல மெல்ல மறுபடியும் மைக்கில் பேச ஆரம்பித்தார். எம்எல்ஏவைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், எதைக் கேட்டாலும் பழையபடி விவரம் சொன்னார். ஆனால் செங்கம் ரோட்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் யாராவது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைப் படியேறினால், உட்காரச் சொல்ல மாட்டார். டீ வரவழைக்க மாட்டார். "எனக்குத் தெரியாதுங்க, வேற கடை பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தையை ஊர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.